நெருக்கடிக் காலம் எப்போது முடியும்?
தலைமுறைச் சுழற்சிக் கோட்பாடும் அமெரிக்க வரலாறும்

ஒரு சமுதாயம் ஏறத்தாழ 80 முதல் 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை, தன் அரசமைப்பையும் பொருளாதாரத்தையும் அடியோடு மாற்றிவிடும் பெரும் நெருக்கடி ஒன்றைச் சந்திக்கிறது என்று கூறுவது தலைமுறைச் சுழற்சிக் கோட்பாடு. அந்த இடைவெளி தற்செயலாக அமைந்ததன்று, ஒரு நீண்ட மனித ஆயுளின் அளவே அது என்பது இதன் மையக் கருத்து. இன்று அறியப்படும் வடிவில் இதை வகுத்தவர்கள் வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹவ் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1991-இல் வெளிவந்த ‘ஜெனரேஷன்ஸ்’, 1997-இல் வெளிவந்த ‘தி ஃபோர்த் டர்னிங்’ ஆகியவை இதன் மூல நூல்கள். ஸ்ட்ராஸ் 2007-இல் மறைந்தார். ஹவ் 2023-இல் ‘தி ஃபோர்த் டர்னிங் இஸ் ஹியர்’ என்ற நூலில் கோட்பாட்டைப் புதுப்பித்து எழுதினார். ‘மில்லேனியல்’ என்ற தலைமுறைப் பெயரை உலகுக்குத் தந்தவர்களும் இந்த இருவரே.

2008-இன் நிதிச் சரிவு, 2020-இன் பெருந்தொற்று, 2021 ஜனவரி 6-ஆம் நாள் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது நடந்த தாக்குதல் ஆகியவை அடுத்தடுத்து வந்தபின் இக்கோட்பாடு பலருடைய கவனத்தை ஈர்த்தது. நடப்பது நெருக்கடிக் காலம்தான் என்றால் அது எப்போது முடியும் என்பதே எல்லாருடைய கேள்வியும். கோட்பாடு சொல்வது என்ன, முந்தைய நெருக்கடிகள் எவ்வாறு முடிந்தன, தேதி குறிப்பது எந்த அளவுக்கு நம்பத்தக்கது, முடிவை எந்த அடையாளங்களால் அறியலாம் என்ற வரிசையில் இவ்வுரை அமைகிறது.

கடைசிச் சாட்சியின் மரணம்

காலம் சுழன்று வருகிறது என்ற எண்ணம் மிகப் பழையது. பிரபவ முதல் அட்சய வரையான 60 ஆண்டு வட்டம் தமிழருக்குப் பழக்கமானது. அது வியாழனும் சனியும் வானைச் சுற்றிவரும் கணக்கை ஒட்டியது. மனிதர் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் அது திரும்பும். தலைமுறைச் சுழற்சிக்கு அளவுகோல் வானத்தில் இல்லை. மனித ஆயுளும் மனித நினைவுமே அதன் அளவுகோல்.

ரோமர்களுக்கு முன் இத்தாலியில் செழித்திருந்த எட்ரஸ்கர்களின் காலக் கணக்கு ஒன்றை, கி.பி. 238-இல் எழுதிய ரோமானிய எழுத்தாளர் சென்சோரினஸ் பதிவு செய்திருக்கிறார். ஒரு நகரம் நிறுவப்பட்ட நாளில் பிறந்தவர்களுள் எல்லாருக்கும் பின்னால் இறப்பவர் யாரோ, அவருடைய மரணத்தோடு முதல் ‘சேகுலம்’ முடிவடையும். அவர் இறந்த நாளில் உயிரோடு இருப்பவர்களுள் கடைசி ஆள் மறையும்வரை அடுத்த சேகுலம் நீடிக்கும். ஓர் ஊரின் தொடக்கத்தைக் கண்டவர் ஒருவர்கூட மிச்சமில்லை என்ற நிலையே காலத்தின் எல்லைக்கோடு. ஸ்ட்ராஸும் ஹவ்வும் தம் சுழற்சிக்கு இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

தூனிஸில் பிறந்த இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய ‘முகத்திமா’ இதே சிந்தனையை அரச வம்சங்களுக்குப் பொருத்தியது. குழுவாக ஒன்றுபட்டு நிற்கும் உணர்வை அவர் ‘அஸபிய்யா’ என்றார். கடும் வாழ்க்கையில் வளர்ந்த முதல் தலைமுறையிடம் அது உறுதியாக இருக்கும். இரண்டாம் தலைமுறையிடம் தளரும். மூன்றாம் தலைமுறை அதை அறவே மறந்துவிடும். தலைமுறைக்கு 40 ஆண்டு வீதம் ஒரு வம்சத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 ஆண்டு என்பது அவர் கணக்கு.

கார்ல் மன்ஹைம் 1928-இல் எழுதிய கட்டுரை இதற்குச் சமூகவியல் அடித்தளம் தந்தது. ஒரே காலத்தில் பிறப்பதனால் மட்டும் மக்கள் ஒரு தலைமுறை ஆவதில்லை. மனம் உருவாகும் இளம்பருவத்தில் ஒரே பெரும் நிகழ்ச்சியை அனுபவிப்பதே அவர்களைத் தலைமுறை ஆக்குகிறது என்றார் அவர். பஞ்சத்தில் வளர்ந்தவருக்கும் செழிப்பில் வளர்ந்தவருக்கும் ஒரே செய்தி வேறு வேறு பொருள் தருவது இதனால்தான்.

நான்கு காலங்கள், நான்கு தலைமுறைகள்

ஸ்ட்ராஸும் ஹவ்வும் ஒரு சேகுலத்தை நான்கு திருப்பங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 முதல் 25 ஆண்டு நீளும். முதலாவது ஏற்றக் காலம்: அமைப்புகள் வலுவாக இருக்கும், தனிமனிதப் போக்கு அடங்கி நிற்கும். இரண்டாவது விழிப்புக் காலம்: இளைஞர்கள் அந்த அமைப்புகளை அறத்தின் பெயரால் எதிர்ப்பார்கள். மூன்றாவது குலைவுக் காலம்: தனிமனிதர் ஓங்குவார், அமைப்புகள் நம்பிக்கையை இழக்கும். நான்காவது நெருக்கடிக் காலம்: பழைய ஒழுங்கு சரிந்து, உயிர்ப்போராட்டம் போன்ற சூழலில் புதிய ஒழுங்கு பிறக்கும். அமெரிக்காவில் 1946 முதல் 1964 வரை ஏற்றம், 1984 வரை விழிப்பு, 2008 வரை குலைவு, அதன்பின் நெருக்கடி என்பது அவர்கள் தரும் வரிசை.

எந்தக் காலத்தில் பிறக்கிறார்களோ அதற்கேற்பத் தலைமுறைகளும் நான்கு வகைப்படும். ஏற்றக் காலத்தில் பிறந்தவர்கள் ‘தீர்க்கதரிசிகள்’. கொள்கைப் பிடிப்புள்ள முதியவர்களாக அடுத்த நெருக்கடிக்குத் தலைமை தாங்குவார்கள். விழிப்புக் காலத்தில் கவனிப்பாரின்றி வளர்ந்தவர்கள் ‘நாடோடிகள்’. நடுவயதில் நடைமுறை அறிந்த நிர்வாகிகள் ஆவார்கள். குலைவுக் காலத்தில் பிறந்தவர்கள் ‘வீரர்கள்’. இளைஞர்களாக நெருக்கடியின் சுமையைத் தோளில் ஏற்பார்கள். நெருக்கடிக் காலத்தில் பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்டவர்கள் ‘கலைஞர்கள்’. ஒத்துப்போவதும் நுணுக்கமாகச் சீர்செய்வதும் அவர்கள் இயல்பு.

இந்த வகைப்பாட்டுக்கு வலுவான சான்று 20-ஆம் நூற்றாண்டில் கிடைக்கிறது. பெருமந்தத்தின்போதும் இரண்டாம் உலகப் போரின்போதும் நாட்டை வழிநடத்திய ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1882-இல் பிறந்தவர்; அவர்களுடைய பட்டியலில் தீர்க்கதரிசித் தலைமுறையைச் சேர்ந்தவர். போர்க்களத் தளபதி ஐசனோவர் 1890-இல் பிறந்த நாடோடித் தலைமுறையினர். படைவீரர்களாகச் சென்றவர்களுள் பெரும்பகுதியினர் 1901 முதல் 1924 வரை பிறந்த வீரர் தலைமுறையினர். 1961-இல் பதவியேற்ற கென்னடி தொடங்கி 1993-இல் விடைபெற்ற மூத்த புஷ் வரை, 32 ஆண்டுகள் வெள்ளை மாளிகையில் இருந்த ஏழு அதிபர்களும் இந்த ஒரே தலைமுறையைச் சேர்ந்தவர்கள்.

ஒவ்வொரு நெருக்கடிக்கும் உள்ளே நான்கு கட்டங்கள் உண்டு. ஒரு நிகழ்ச்சி தூண்டிவிடுகிறது; சிதறிய சமுதாயம் ஏதோ ஒரு தலைமையின்கீழ் மீண்டும் ஒன்றுசேர்கிறது; போராட்டம் உச்சத்தை எட்டுகிறது; பிறகு தீர்வு வருகிறது. கடந்த நெருக்கடியில் 1929-இன் பங்குச்சந்தைச் சரிவு தூண்டல். ரூஸ்வெல்ட் பதவியேற்ற 1933-ஐ ஒட்டிய ஆண்டுகள் ஒன்றுசேரல். 1944-இன் நார்மண்டித் தரையிறக்கம் உச்சம். 1945, 1946 தீர்வு.

மூன்று நெருக்கடிகள் முடிந்த விதம்

அமெரிக்காவின் முதல் பெரும் நெருக்கடி 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியதோடு தொடங்கியது. 1781-இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. ஆனால் போர் முடிந்ததும் நெருக்கடி முடிந்துவிடவில்லை. மாநிலங்கள் கடனில் மூழ்கின; மைய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. 1786-இல் மாசசூசெட்ஸில் கடன்பட்ட விவசாயிகள் டேனியல் ஷேஸ் தலைமையில் ஆயுதம் ஏந்தினார்கள். அதன்பிறகே 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் அரசமைப்பு மாநாடு கூடியது. 1789-இல் வாஷிங்டன் அதிபரானார். 1790-இல் நிதிச் செயலர் ஹாமில்டனின் திட்டப்படி மாநிலங்களின் போர்க்கடனை மைய அரசு ஏற்றுக்கொண்டது. 1791-இல் உரிமைகள் சாசனம் சேர்க்கப்பட்டது. ஸ்ட்ராஸும் ஹவ்வும் இந்த நெருக்கடியின் முடிவை 1794 என்று குறிக்கிறார்கள். கடைசிப் பெரும் போருக்கும் நெருக்கடியின் முடிவுக்கும் இடையில் 13 ஆண்டு இருக்கிறது.

இந்தத் தீர்வு பெரியது, ஆனால் முழுமையானதன்று. அடிமைகளை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகக் கணக்கிட்டு மாநிலங்களின் பிரதிநிதித்துவத்தை நிர்ணயித்த அரசமைப்பு, அடிமை இறக்குமதியை 1808 வரை தடுக்கவும் கூடாது என்றது. 1790-இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860-இல் 39 லட்சத்தைத் தாண்டியது. தள்ளிவைத்த கேள்வி பன்மடங்கு பெருகித் திரும்பிவந்தது.

அப்படி வந்ததுதான் உள்நாட்டுப் போர். 1863-இல் கெட்டிஸ்பர்க் களத்தில் நின்று பேசிய லிங்கன், சுதந்திரப் பிரகடனத்திலிருந்து 87 ஆண்டு கடந்ததைச் சொல்லியே தன் உரையைத் தொடங்கினார். அதுவும் ஒரு சேகுலத்தின் அளவுதான். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்தப் போர் 1865-இல் முடிந்தது. நெருக்கடிக் காலமும் அந்த ஆண்டே முடிந்ததாகக் கோட்பாடு கருதுகிறது. ஆனால் விடுதலை பெற்ற ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பின மக்களுக்கு 1865 முடிவாக அமையவில்லை. 1868-இன் 14-ஆம் திருத்தம் குடியுரிமையையும் 1870-இன் 15-ஆம் திருத்தம் வாக்குரிமையையும் எழுத்தில் தந்தன. 1877-இல் தெற்கில் மத்தியப் படைகள் பாதுகாப்புப் பணியைக் கைவிட்டதும் அந்த உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிபோயின. 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே கோட்பாடே ஒரு தடுமாற்றத்தை ஒப்புக்கொள்கிறது: இந்தச் சுழற்சியில் மட்டும் வீரர் தலைமுறை உருவாகவே இல்லை என்கிறார்கள் அதன் ஆசிரியர்கள்.

மூன்றாவது நெருக்கடி 1929-இல் தொடங்கியது. 1933-இல் அமெரிக்கத் தொழிலாளர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அதே ஆண்டு வங்கி வைப்புகளுக்குக் காப்பீடும், 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. பின்னர் நாடு போருக்குள் சென்றது, 1.6 கோடி அமெரிக்கர் படையில் பணியாற்றினர். இந்த நெருக்கடியின் தனிச்சிறப்பு, போர் முடியும் முன்பே அமைதிக்கான அமைப்புகள் கட்டப்பட்டதுதான். 1944 ஜூனில், திரும்பி வரவிருந்த படைவீரர்களுக்குக் கல்வியும் வீட்டுக்கடனும் உறுதிசெய்த சட்டம் நிறைவேறியது; அதன்வழி 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கல்வியும் தொழிற்பயிற்சியும் பெற்றனர். அடுத்த மாதம் பிரெட்டன் உட்ஸில் 44 நாடுகள் கூடி உலக நிதி ஒழுங்கை வகுத்தன. 1945 ஜூனில் ஐக்கிய நாடுகள் சாசனம் கையெழுத்தானது. 1948-இல் தொடங்கிய மார்ஷல் திட்டம் தோற்ற ஜெர்மனியின் மேற்குப் பகுதியையும் அரவணைத்தது.

அமெரிக்காவின் ஏற்றக் காலம் எல்லா நாடுகளுக்கும் ஏற்றக் காலமாக இருக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கோட்பாடு ஏற்றத்தின் தொடக்கம் என்று குறிக்கும் 1946-க்கு அடுத்த ஆண்டில்தான் இந்தியத் துணைக்கண்டம் விடுதலையோடு பிரிவினையின் பேரழிவையும் சந்தித்தது. ஒரு நாட்டின் பருவத்தை உலகத்தின் பருவமாகக் கொள்ள முடியாது.

தேதியும் அதன் வலிமையும்

1997-இன் நூல், அடுத்த நெருக்கடி 2005-ஐ ஒட்டித் தொடங்கி, 2020-ஐ ஒட்டி உச்சம் கண்டு, 2026-ஐ ஒட்டித் தீரும் என்று கூறியது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தபோதும், 2020-இல் பெருந்தொற்று வந்தபோதும் அந்த வரிகள் வாசகர்களை வியக்கவைத்தன. 2023-இன் நூலில் தொடக்கம் 2008 என்று திருத்தப்பட்டது. உச்சம் 2030 அளவிலும் முடிவு 2033 அளவிலும் வரும் என்றார் ஹவ். தொடக்கம் 3 ஆண்டு நகர, முடிவு 7 ஆண்டு நகர்ந்திருக்கிறது.

திருத்தம் செய்வது குற்றமன்று. எந்த ஆய்வும் திருந்தியே வளரும். ஆனால் ஒரு கணிப்பு எந்த நிலையில் பொய்யாகும் என்பதை முன்கூட்டியே சொல்லும்போதுதான் அதைச் சோதிக்க முடியும். ஆங்கில-அமெரிக்க வரலாற்றில் இக்கோட்பாடு காட்டும் நெருக்கடிகள், 15-ஆம் நூற்றாண்டின் ரோஜாப் போர்களிலிருந்து எண்ணினாலும் ஏழுதான். ஏழு நிகழ்ச்சிகளைக் கொண்டு ஒரு விதியை நிறுவுவது கடினம். அவற்றின் நீளமும் 5 ஆண்டிலிருந்து ஏறத்தாழ 30 ஆண்டு வரை மாறுகிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கரைப் பலிகொண்ட முதல் உலகப் போர் இந்த அட்டவணையில் நெருக்கடிக் காலத்துக்குள் வரவில்லை.

தலைமுறை என்ற அளவுகோலிலும் சிக்கல் உண்டு. ஒருவருடைய கருத்து வயதினால் மாறுகிறதா, நடப்புக் காலத்தினால் மாறுகிறதா, பிறந்த காலத்தினால் மாறுகிறதா என்று பிரித்தறிவது புள்ளியியலின் பழைய சிக்கல்களுள் ஒன்று. ஒரே ஆண்டில் பிறந்த செல்வர் மகனையும் அடிமையின் மகளையும் ஒரே குணமுடையவர்களாகக் கொள்ள முடியாது. தலைமுறைப் பெயர்களைப் பரவலாகப் பயன்படுத்திவந்த பியூ ஆய்வு மையமும் 2023-இல், அவற்றை இனி மிகுந்த கவனத்தோடு மட்டுமே கையாளப்போவதாக அறிவித்தது.

வரலாற்றைக் கணித முறையில் ஆராயும் பீட்டர் டர்ச்சின் வேறு வழியில் இதே கேள்வியை அணுகினார். 2010-இல் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில், வரும் பத்தாண்டில் அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் கொந்தளிப்பு மிகும் என்று எச்சரித்தார். அவர் சுட்டிய காரணங்கள் தேங்கிய கூலி, விரியும் ஏற்றத்தாழ்வு, இருக்கும் பதவிகளைவிட மிகுதியாகப் பெருகிய மேல்தட்டுப் போட்டியாளர்கள், ஏறிவரும் அரசுக் கடன் ஆகியவை. இவை அளக்கத்தக்கவை; அளக்கத்தக்கவை என்பதால் மாற்றத்தக்கவையும்கூட. அமெரிக்காவில் வன்முறை 1870, 1920, 1970 ஆண்டுகளை ஒட்டி உச்சம் கண்டதாக அவர் காட்டுகிறார். இந்த ஆண்டுகள் ஸ்ட்ராஸ், ஹவ் அட்டவணையோடு பொருந்துவதில்லை. ஆயினும் இரு வழியினரும் 2020-ஐ ஒட்டிய காலத்தையே சுட்டினார்கள். ஒரே விடைக்கு வந்தவர்கள் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

போரில்லாத முடிவும் உண்டு

நெருக்கடிகளெல்லாம் பெரும் போரில்தான் முடியும் என்ற அச்சம் இக்கோட்பாட்டைப் படிப்பவர்களிடம் வளர்வது இயல்பு. அமெரிக்காவின் மூன்று முன்மாதிரிகளும் பெரும் போரைக் கடந்தே முடிந்தவை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டன் வேறொரு வழியைக் காட்டுகிறது. 1819-இல் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. 1832-இன் சீர்திருத்தச் சட்டம் நடுத்தர வகுப்பாருக்கு வாக்குரிமை அளித்தது. 1838-இல் சாசன இயக்கத்தார் ஆறு கோரிக்கைகளை வைத்தார்கள். 1846-இல் உணவு விலையை உயர்த்திவைத்திருந்த தானியச் சட்டங்கள் நீக்கப்பட்டன. 1848-இல் பாரிஸ், வியன்னா, பெர்லின் நகரங்களில் புரட்சி வெடித்தபோது லண்டன் தப்பியது. 1867-இல் நகரத் தொழிலாளர் பலருக்கும் வாக்கு கிடைத்தது. அந்த ஆறு கோரிக்கைகளுள் ஆண்டுதோறும் தேர்தல் என்ற ஒன்றைத் தவிர மற்ற ஐந்தும் காலப்போக்கில் சட்டமாயின. மேலிருப்பவர்கள் காலம் கடக்குமுன் விட்டுக்கொடுத்ததால் அந்த நெருக்கடி போராக முற்றாமல் கரைந்தது.

முடிவின் அடையாளங்கள்

இந்த வரலாறுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால், ஒரு நெருக்கடிக் காலம் முடிந்ததை நான்கு அடையாளங்களால் அறியலாம்.

முதலாவது, மையச் சச்சரவு மீண்டும் கிளப்ப முடியாதபடி தீர்வது. 1865-க்குப் பிறகு எந்த மாநிலமும் கூட்டரசை விட்டுப் பிரியப் போர் தொடுக்கவில்லை. எந்தக் கேள்விக்கு விடை சொல்வது என்பதிலேயே நாடு பிளவுபட்டிருக்கும்வரை இந்த அடையாளம் தோன்றாது.

இரண்டாவது, தோற்றவருக்குப் புதிய ஒழுங்கில் இடம் கிடைப்பது. 1791-இன் உரிமைகள் சாசனம், புதிய அரசமைப்பை எதிர்த்தவர்களின் அச்சத்துக்குத் தந்த பதில். 1919-இன் வெர்சாய் உடன்படிக்கை தோற்ற ஜெர்மனியின்மேல் பழியையும் இழப்பீட்டையும் சுமத்தியது. 20 ஆண்டில் அடுத்த போர் மூண்டது. 1945-க்குப் பின் தோற்ற நாடுகளைத் தூக்கி நிறுத்தியதால் மேற்கு ஐரோப்பாவில் அமைதி நிலைத்தது. வென்றவர்களிடையே வாழ்ந்தும் ஒழுங்குக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 1787-இன் அடிமைகளும் 1877-இன் கறுப்பின மக்களும் அதற்குச் சான்று.

மூன்றாவது, எளிய மனிதர் புதிய ஒழுங்கில் தமக்கும் பங்கு இருப்பதைத் தம் வீட்டிலேயே காண்பது. படைவீரர் கல்விச் சட்டம், வங்கி வைப்புக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம் ஆகியவை அந்த வகையில் வந்தவை. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்க அரசின் கடன் நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பையே மிஞ்சியிருந்தது. அந்தச் சுமையையும் தாங்கிப் பரந்த வளர்ச்சி நிகழ முடிந்ததற்கு இந்தப் பங்கீடும் ஒரு காரணம்.

நான்காவது, பொறுப்பு இளைய தலைமுறைக்குக் கைமாறுவது. ஏழு அதிபர்களைத் தந்த வீரர் தலைமுறை, நெருக்கடியில் கற்ற கூட்டு உழைப்பை அமைதிக்காலத்துக்கும் கொண்டுசென்றது. முதியவர்கள் பிடியைத் தளர்த்தாத அவையில் புதிய உடன்பாடு எளிதில் பிறப்பதில்லை.

இந்த நான்கும் எப்போது கூடுமோ அப்போதே நெருக்கடி முடியும். 2026 அல்லது 2033 என்ற எண் இவற்றுக்கு ஈடாகாது. தலைமுறைச் சுழற்சிக் கோட்பாட்டின் பயன், துயரத்தின் தேதியை முன்னறிவிப்பதைவிட, நினைவு தேய்வதன் அபாயத்தை உணர்த்துவதில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய 1.6 கோடி அமெரிக்கருள் இன்று உயிரோடு இருப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. எட்ரஸ்கர் சொன்ன கடைசிச் சாட்சிகளைப் போன்றவர்கள் இவர்கள். ஐக்கிய நாடுகள் சாசனமும் வங்கிக் காப்பீடும் எந்தத் துயரத்துக்குப் பதிலாக எழுதப்பட்டன என்பதை நேரில் கண்டு சொல்ல விரைவில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். அதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லும் கடமை பள்ளிக்கும் நூலுக்கும் சட்டமன்றத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.